ஒரிஜினல் யார் கையில்

1

வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முழங்கால் வலிக்கு எந்த மாத்திரை நல்லது, தங்கம் இன்னும் ஏறுமா, பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம் என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்கிறார்கள். நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காரைக் கண்ட இடத்தில் நிறுத்தித் தண்டம் வாங்கியவர்கள் "என்மேல் தப்பில்லை" என்று எழுதி அனுப்பும் முறையீடுகளைப் படித்துப் பதில் போடுவது என் உத்தியோகம். பூனைக்குப் பிரசவம் என்பார்கள். மாமியார் மயங்கி விழுந்துவிட்டார் என்பார்கள். அதே மாமியார் சில மாதம் கழித்து அதே தெருவில், வண்டி நிறுத்தக் கூடாத அதே மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில், மறுபடியும் மயங்கி விழுவார். யாரையும் நம்பாதே என்பதைத் தவிர இந்த வேலை எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. தங்கத்தைப் பற்றி இதில் ஒன்றும் வராது.

இந்த ஜூலையில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் முனிரத்தினம் கூப்பிட்டான். ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில் மாந்தோப்பும் கொஞ்சம் கரும்பும் வைத்திருப்பவன். மாங்காய் சீசனில் அவன் வாழ்க்கை டிராக்டர் மேல்தான். கூழ் எடுக்கும் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நிற்கும். இறங்கினால் இடம் போய்விடும். எனவே அவன் குடும்ப விஷயங்களை எல்லாம் அந்த வரிசையில் உட்கார்ந்துதான் பேசித் தீர்ப்பான்.

"கஜா, எய்ந்துட்டியா? இந்த தேஜு பண்ற கூத்தக் கேளு. கம்ப்யூட்டர் ஃபோரன்சிக்காம். திருப்பதியிலயாம். அதுவும் பிஎஸ்சியாம்!"

தேஜஸ்வினி அவன் ஒரே பெண். இந்த வருடம் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்தவள்.

"படிக்கட்டுமே" என்றேன், வாயில் நுரையோடு.

"நீ ஏன் சொல்ல மாட்ட? ஐடியா குடுத்ததே உன் பொண்ணுதான? ரெண்டும் ஒரு வருசமா போன்ல பேசிக்கினு கீதுங்களாம். லாவண்யாவும் அதத்தான் படிக்கப் போவுதாமே? யூனிவர்சிட்டிகூட பிக்ஸ் பண்ணிட்டாளாமே?"

என் மகள் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை, கடல் தாண்டி, டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த அண்ணன் வாயால் தெரிந்துகொண்டேன். நுரையைத் துப்பிவிட்டு மாடியிலிருந்து இறங்கினேன்.

2

லாவண்யா இங்கேயே பிறந்தவள். ஒரு வார்த்தை தமிழாவது வரட்டும் என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினேன். அதை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். முதல் நாளே, நான் அப்பாவை நைனா என்று சொன்னதைக் கேட்டு, "நீங்கள் தெலுங்கு ஆக்களோ?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். சித்தூர் ஜில்லாவில் எங்களை அரவம், அதாவது தமிழ், பேசுகிறவர்கள் என்பார்கள். சென்னைக்குப் போனால் கொல்ட்டி என்பார்கள். இலண்டனுக்கு வடக்கே வந்தும் எனக்கு விடிவு இல்லை. மகள் மட்டும் யாழ்ப்பாணத் தமிழை அச்சு அசலாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் முதல்முறை அவளோடு போனில் பேசிவிட்டு, "இன்னா கஜா, உன் பொண்ணு சிலோன் ரேடியோ கணக்கா பேசுது?" என்றான்.

அன்று காலை அவள் சமையலறையில் நின்றபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"ஃபோரன்சிக்ஸ்தான் போடப் போறியா?"

"ஓம் அம்மா. ஜூன்லயே போட்டிட்டன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டா நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவியள். அதான்."

வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அகலமான ஒன்றைப் படித்துவிட்டுப் பிறகு எந்தச் சந்தில் வேண்டுமானாலும் நுழைந்துகொள் என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கே விண்ணப்பம் எல்லாம் ஒரே இணையதளத்தில். ஐந்து இடம் எழுதலாம், வந்த அழைப்புகளில் ஒன்றை உறுதி என்று அழுத்த வேண்டும். பெற்றோருக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்தில் ஏற்ற என் கையெழுத்து கேட்ட நாடு இது. வாழ்க்கை முழுக்கச் செய்யப்போகும் வேலைக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு ரொம்பவே வலித்தது. அதைக் காட்டாமல் டீ போட்டேன்.

அந்தப் பல்கலைக்கழகத்தை நான் பார்க்காமல் இல்லை. மார்ச்சில் பெற்றோரையும் வரச் சொல்லி ஒரு நாள் வைத்தார்கள், ஐந்தில் இதுவும் ஒன்று என்று நினைத்துப் போனேன். இலவசப் பேனா, இலவசத் துணிப்பை, இலவசக் காபி. காபியைக் குடித்ததும் அது ஏன் இலவசம் என்று புரிந்துவிட்டது. ஒரு அறையில் குற்றம் நடந்த இடம் என்று ஜோடனை செய்து வைத்திருந்தார்கள். பழைய சோபா, கவிழ்ந்த கோப்பை, ஒரு மடிக்கணினி, சுற்றிலும் மஞ்சள் நாடா. நம் ஊர் கொலு இதைவிடத் தத்ரூபமாக இருக்கும். தாடி வைத்த விரிவுரையாளர் ஒருவர் அந்த மடிக்கணினியைப் பையில் போட்டு ஒட்டி, அதன்மேல் பெயரும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை லாவண்யாவிடம் கொடுத்து அவளையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"மூலத்தை யாரும் நோண்டக் கூடாது. முதலில் அப்படியே ஒரு நகல். வேலை எல்லாம் நகலில்தான். மூலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும் கையெழுத்து வேண்டும். ஒரு இடத்தில் விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் வக்கீல் கிழித்துப்போட்டுவிடுவார்" என்றார்.

இதற்கு மூன்று வருடமா என்று என் கணவரின் காதில் சொன்னேன். நகரி தபால் ஆபீசில் இதைவிட வேகமாகப் பையை ஒட்டுவார்கள். அவர் துணிப்பையில் இன்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

3

ஊரில் நடந்தது இதற்கு நேர்மாறு. என் மகளுக்கு அவளே முடிவெடுத்தாள். தேஜுவுக்கு அவளைத் தவிர எல்லாரும் முடிவெடுத்தார்கள்.

ஆந்திரத்துப் பக்கம் பழகாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே இன்ஜினியரிங் படிப்பை டிகிரி என்று சொல்லமாட்டார்கள். டிகிரி என்றால் இன்ஜினியரிங் கிடைக்காதவர்கள் போகிற இடம். "பாப்பா இன்னா பண்ணுது?" என்று கேட்டு "டிகிரி" என்று பதில் வந்தால் அடுத்த கேள்வி கேட்காமல் மழை பெய்ததா என்று பேச்சை மாற்றுவார்கள். நான் திருப்பதியில் பி.காம். படித்தவள். என் தலைமுறையிலிருந்தே அந்த மழை பெய்துகொண்டிருக்கிறது.

தேஜு கெட்டிக்காரிதான். ஆனால் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான எம்செட்டில் ரேங்க் அப்படியொன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. அவளுக்கு அது ஒரு வருத்தமும் இல்லை. திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்தப் படிப்பு இருக்கிறது என்று அவளே தேடிப் பிடித்து, விண்ணப்பம் போட்டு, இடமும் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று செய்தி வந்திருந்தது.

அப்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. சூளூர்பேட்டையிலிருந்து எங்கள் சித்தப்பா வரவழைக்கப்பட்டார். அவர் டயர் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் ராக்கெட் விடுகிறார்கள் என்பதால் விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட எல்லா விவகாரத்துக்கும் எங்கள் குடும்பத்தில் அவர்தான் நிபுணர். ராக்கெட் போகும்போது அவரும் மொட்டை மாடியில் நின்று கையைத் தட்டியிருக்கிறார். அவர் தீர ஆலோசித்து, "இது பொணம் அறுக்கற ஆஸ்பத்திரி சம்பந்தம். பொம்பளப் புள்ளைக்கு வாணாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பொணம் இல்ல சின்ன தாத்தா, போனு. அழிச்சதைத் திருப்பி எடுக்கறது. யாரு யாருக்கு இன்னா அனுப்புனாங்கன்னு கண்டுபுடிக்கறது" என்றாள் தேஜு.

இது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அண்ணன் அன்றைக்கே எனக்குக் கூப்பிட்டான்.

"நாராயணவனம் கோயில்ல கல்யாணம் பண்றன்னு வேண்டிக்கினு கீறேன் கஜா. புருசன் போன நோண்டத் தெரிஞ்ச பொண்ண எவன் கட்டுவான்? நீயே சொல்லு."

அப்படிப் பயப்படுகிற பையன் வேண்டவே வேண்டாம் என்றேன். வரிசை நகர்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டான்.

4

இந்த நேரத்தில்தான் பிரசாத் வந்தார்.

கோடை வந்தால் எங்கள் பக்கம் மாம்பழத்தோடு பிஆர்ஓக்களும் வருவார்கள். தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகள் பிள்ளை பிடிக்க அனுப்பும் ஆட்கள். பாதிப் பேர் அங்கேயே பாடம் நடத்துகிறவர்கள். இத்தனை பேரைக் கொண்டுவராவிட்டால் வேலை போய்விடும் என்று அனுப்பிவிடுவார்கள். பிரசாத் ஃபிசிக்ஸ் லெக்சரர். கையில் கல்லூரிக் காலண்டரும் ஒரு ஸ்வீட் பெட்டியும். ஜூலையில் காலண்டர் கொடுக்கிற கல்லூரியில் படிப்பு எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

அண்ணி குமாரி சொன்னபடி நடந்தது இது. அவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்தார். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பினால் ஊரே பேசும். இலை போட்டார்கள். மீன் குழம்பு தின்றார், பாராட்டினார், இன்னொரு முறை வாங்கித் தின்றார். நம் இலையில் உட்கார்ந்து தின்றவரை அதற்குப் பிறகு சந்தேகப்படுவது எங்கள் பழக்கத்தில் கிடையாது. மோர் ஊற்றும்போது விஷயத்துக்கு வந்தார்.

"பாப்பாக்கு ஃபோரன்சிக்ஸ் காவாலா? மா தக்கர சிஎஸ்ஈ வித் சைபர் செக்யூரிட்டி உந்தி. அதே இது, இதே அது. மீரு டென்ஷன் படகண்டி. வெப் ஆப்ஷன் அந்தா மேமே சூஸ்குண்டாம்."

அவர் கல்லூரியின் சைபர் செக்யூரிட்டியும் இதுவும் ஒன்றுதானாம், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். பார்த்துக்கொண்டார்கள். எந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசை போடும் கவுன்சலிங்குக்குத் தேஜுவின் பாஸ்வேர்டைக் கேட்டார், அண்ணன் சொன்னான். ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் வரும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாருடைய ஆதார், பேங்க், பரீட்சை, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் அண்ணன் நம்பர் ஒன்றுதான். அதையும் உரக்கப் படித்துக் காட்டினான். அவர் அங்கேயே உட்கார்ந்து தன் கல்லூரியை முதலாவதாகப் போட்டுப் பூட்டினார். புறப்படும்போது, "ஒரிஜினல்ஸ் குடுத்தா சீட் கன்ஃபர்ம்" என்றார். அண்ணன் பீரோவைத் திறந்து டிசி, மார்க்ஸ் மெமோ, சாதிச் சான்றிதழ் எல்லாம் இருந்த ஃபைலை அப்படியே எடுத்துக் கொடுத்தான். ரசீது கேட்கவில்லை. இலையில் தின்றவரிடம் யாராவது ரசீது கேட்பார்களா?

தேஜு அப்போது நகரி பஜாரில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள், திருப்பதிக்குக் கொண்டுபோக. வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் எனக்குக் கூப்பிட்டபோது அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அத்த, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரிஜினல் இல்லன்னா சீட்டு பூடும். நைனா வாங்கித் தரமாட்டேங்குது. ஆன வாயில போன கரும்பு திரும்பி வருமான்னு கேக்குது. நீ பேசறியா?"

கரும்பு பயிரிடுகிறவன் பழமொழி சொன்னால் அதற்கு ஒரு தனி அழுத்தம் வந்துவிடுகிறது. நான் பேசுகிறேன் என்றேன்.

5

அண்ணன் போனை எடுக்கவே இல்லை. சரி என்று நேராகப் பிரசாத்துக்கே கூப்பிட்டேன். தண்டம் கட்டாதவர்களிடம் பேசும் என் அலுவலகக் குரலில் பேசினேன். அந்தக் குரலுக்கு இங்கே வெள்ளைக்காரர்களே கொஞ்சம் பயப்படுவார்கள். எழுத்துப்பூர்வமான விளக்கம், காலக்கெடு, மேல்நடவடிக்கை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மேடம், மீரு யூகேலோ உன்னாரா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மா பாவமரிதி பிடெக் அயிபோயிந்தி மேடம். அக்கட வீசா எலா?"

அவர் மைத்துனனுக்கு வீசா. நான் தேஜுவின் ஃபைலைக் கேட்கிறேன், அவர் என்னிடம் நாட்டையே கேட்கிறார். ஃபைல் எங்கே என்று மறுபடி கேட்டதற்கு, "பாப்ப மன பாப்பே, மேடம்" என்று வைத்துவிட்டார். தேஜு நம்ம பொண்ணாம். அதனால்தான் அவளைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அதை எழுத எனக்கு அரைநாள் ஆனது. மூன்று விதிகளைச் சுட்டி, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல், உணவு இடைவேளையில்கூட எழுந்திருக்காமல் எழுதினேன். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி! எங்கள் வளாகத்தில் உங்கள் கனவுகளுக்குச் சிறகு முளைக்கும்" என்று அடுத்த நொடியே பதில் வந்தது. நானும் தினமும் இதே மாதிரி தயார் பதில்களைத்தான் அனுப்புகிறேன். ஆனால் எங்கள் பதில்களில் சிறகு முளைக்காது, அந்த அளவுக்கு நாங்கள் நாணயமானவர்கள்.

தோற்றுவிட்டேன் என்று தேஜுவைக் கூப்பிட்டுச் சொன்னேன். வெளிநாட்டு அத்தை பேசினால் எல்லாம் நடக்கும் என்று அவளும் கொஞ்சம் நம்பியிருந்தாள்.

"பரவால்ல அத்த" என்றாள். "நாளைக்கு நானே போறேன்."

"போய்?"

"போய் உக்காரப் போறேன்."

6

வியாழக்கிழமை காலை அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் அண்ணியிடமிருந்து வீடியோ அழைப்பு. அண்ணி இருபது வருடத்தில் எனக்குத் தானாகக் கூப்பிட்டது கிடையாது. அண்ணன் பேசி முடித்தபின் போனை வாங்கி "நல்லா கீறியா, துன்னியா" என்று கேட்பதோடு சரி. அன்று அவர் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு பெரிய கண்ணாடிக் கதவும், சுவர் முழுக்கச் சிரிக்கும் மாணவர் படமும்.

"கஜா, நீயும் பாரு. காலைலேர்ந்து இங்கதான் கீறோம். உங்க அண்ணனுக்குச் சொல்லல. புளிசோறு கட்டிக்கினு வந்துட்டோம்."

நெடுஞ்சாலையோரத்து அந்தக் கல்லூரியின் வரவேற்பறை. அட்மிஷன் வேகமாக நடக்கும் நேரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சனம் வந்தபடியே இருந்தது. நடு சோபாவில் தேஜு உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. கதவைத் திறந்துகொண்டு ஒரு குடும்பம் உள்ளே வந்ததும் எழுந்து போய், கல்யாண வீட்டு வாசலில் வரவேற்கிறவள் போலக் கும்பிட்டாள்.

"அண்ணா, ஒரிஜினல்ஸ் இச்சேசாரா? இவ்வொத்து. ஜெராக்ஸ் மாத்ரமே இவ்வண்டி. மாவி திரிகி இவ்வட்லேது."

தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கில். அடுத்து வந்தது சத்தியவேடு பக்கத்துக் குடும்பம் போல, பேச்சு தமிழ். அவர்களுக்குத் தமிழில்: "ஒரிஜினல் குட்துட்டீங்களா மாமா? குடுக்காதீங்க. ஜெராக்ஸ் மட்டும் குடுங்க. எங்களுது வாங்கிக்கினு திருப்பித் தர மாட்டேங்கறாங்க."

வந்தவர்கள் கையிலிருந்த ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார்கள். சிலர் சோபாவில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இன்னாமா ஆச்சு?" என்று விசாரித்தார்கள். ஒருவர் மகனை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். கவுன்டரில் இருந்த பெண் யாருக்கோ போன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் பிரசாத் வேர்த்து வழிய ஓடி வந்தார்.

"ஏமிடி பாப்பா இதி? உள்ள வா, ரூம்ல உக்காந்து மாட்லாடுதாம்."

"இங்கயே பேசுங்க சார்" என்றாள் தேஜு. "உள்ள வந்தா இவுங்களுக்கு யாரு சொல்றது?"

"உங்க நைனா இஷ்டப்பட்டுத்தான் குடுத்தாரு."

"நைனா இன்டர் படிக்கல சார். நான்தான் படிச்சேன்."

பிரசாத் அண்ணியைப் பார்த்தார். மீன் குழம்பு தின்ற உரிமையோடு, "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்றார். அண்ணி போனை இறக்காமலே, "அன்னிக்கி துன்னீங்களே சார், நான் எதுனா கேட்டனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். என் கணினித் திரையில் யாரோ ஒருவரின் மாமியார் மயங்கி விழுந்துகொண்டிருந்தார், அவரை அப்படியே விட்டுவிட்டேன்.

அங்கே மூன்று மணி ஆவதற்குள் ஆபீஸ் உள்ளிருந்து ஒரு ஆள் ஃபைலோடு வந்தார். கல்லூரியின் மனசாட்சி விழித்துக்கொண்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சோபா காலியாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் தேஜு ஃபைலை வாங்கிக்கொண்டு ஓடவில்லை. சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், சீல். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, எந்தெந்தச் சர்டிபிகேட், எந்த நேரம், யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எழுதி, அந்த ஆளிடம் நீட்டினாள்.

"சைன் பண்ணுங்க சார்."

"எதுக்கும்மா? உன்னுது உனக்கு வந்துடுச்சே?"

"நடுவுல எங்க இருந்துச்சுன்னு இருக்கணும் இல்ல சார்?"

மார்ச்சில் அந்தத் தாடிக்காரர் மடிக்கணினியைப் பையில் போட்டு ஒட்டியபோது நான் கணவரின் காதில் சொன்ன கிண்டல் எனக்கு ஞாபகம் வந்தது. என் வேலையில் எவ்வளவோ கையெழுத்துகளைப் பார்க்கிறேன். அந்த ஆள் முறைத்துக்கொண்டே அந்தத் தாளில் போட்டதைப் போல ஒரு கையெழுத்தை நான் ரசித்தது கிடையாது.

7

மறுநாள் தேஜு திருப்பதியில் சேர்ந்தாள். அங்கேயும் ஒரிஜினல் கேட்டார்கள். சரிபார்த்துவிட்டு அவள் கண்ணெதிரிலேயே திருப்பிக் கொடுத்தார்களாம். டிசியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு ரசீது தந்தார்களாம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றபடி எனக்குக் கூப்பிட்டு, "அத்த, சேந்துட்டேன். நீ இன்னா சொல்ற?" என்று கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டாள். என்றாலும் கேட்டாள். நல்லா படி என்று மட்டும் சொன்னேன்.

அண்ணன் முதலில் குதித்தான். பெண்டாட்டி சொல்லாமல் போனது, கல்லூரியில் பத்துப் பேர் பார்க்க உட்கார்ந்தது, பிரசாத் சார் மனசு நோகுமே என்று வரிசையாக. சூளூர்பேட்டைச் சித்தப்பா போன் செய்து, இனி ராக்கெட் ஆபீசில்கூட வேலை கிடைக்காது என்று எச்சரித்தார். டயர் கடையிலிருந்து அவ்வளவு தூரம் தெரிகிறது பாருங்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அண்ணிதான் சொன்னார். இப்போதெல்லாம் அண்ணி தானாகவே கூப்பிடுகிறார், போனையும் நேராகப் பிடிக்கிறார். அண்ணன் மாங்காயை இறக்கிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, கோபம் கொஞ்சம் இறங்கியதும் பீரோ சாவியை எடுத்துக்கொண்டு வந்தானாம்.

"சரி, ஆனது ஆச்சு. ஃபைலக் குடு. பத்திரமா உள்ள வெக்கறேன்."

தேஜு ஃபைலைக் கொடுக்கவில்லை. பையிலிருந்து இன்னொரு கவரை எடுத்து நீட்டினாளாம்.

"ஒரிஜினல் என்கிட்ட இருக்கட்டும் நைனா. உனக்கு ஜெராக்ஸ் எடுத்துட்டேன்."

"அவுரு இன்னா சொன்னாரு தெரியுமா கஜா?" என்று கேட்டுவிட்டு அண்ணி சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அண்ணன் அந்தக் கவரைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்து, கடைசியில், "கறுப்பு வெள்ளையா எடுத்துக்கினு வந்துட்டியே. நாளிக்கி கலர்ல எடுத்துக் குடு" என்றானாம். மறுநாள் அவள் நகரி பஜாருக்குப் போய்க் கலரில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். அது இப்போது பீரோவில், பூட்டி, நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறதாம்.

போனை வைத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று லாவண்யாவைக் கூப்பிட்டேன். கோபமாக இல்லை. உன் பல்கலைக்கழகக் கடிதத்தை ஒருமுறை காட்டேன், பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"ஓம் அம்மா, ஒரு நிமிசம்" என்று குரல் வந்தது. கதவு திறக்கும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கையிலிருந்த போன் அதிர்ந்தது. மேலேயிருந்து அவள் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாள். படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, அவள் பெயரையும் அதற்குக் கீழே இருந்த படிப்பின் பெயரையும் படித்தேன். அண்ணனுக்குக் கலர் ஜெராக்ஸாவது கிடைத்தது.